முனியாண்டிக்கு ஒரு டக்போட்

சாதாரணப் படகுகளுக்கு நல்ல பிளாஸ்டிக் மாடல் கிடைப்பதில்லை என்று நான் பல வருடங்களாகக் கண்டவர்களிடமெல்லாம் புலம்பி வந்திருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. "பீரங்கி வெச்ச கப்பல் அலமாரி நெறைய இருக்கே, அது பத்தாதா?" என்று என் மனைவி கேட்பாள். பத்தாது என்று சொன்னால் சண்டை வரும் என்பதால் வாயை மூடிக்கொள்வேன். அந்தப் புலம்பல் ஒருநாள் என் தம்பியின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். வீடு பாடாங் செராயில், ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில். ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாத ஆள். கல்யாண வீட்டில் தாலி கட்டுவதற்குள் நாலு முறை எழுந்து வெளியே போய்விட்டு வருவேன். மாடல் ஒட்டும்போது மட்டும் அடங்கி உட்காருவேன். அதனால்தான் வீட்டில் அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாடல் என்றால் குழந்தைகள் உருட்டி விளையாடும் பொம்மை இல்லை. ஒரு பெட்டி வாங்குவோம். உள்ளே சாம்பல் நிறத்தில் சில பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். சட்டம் முழுக்க, முருங்கைக் காம்பில் இலை ஒட்டியிருப்பதுபோல், சின்னச் சின்னப் பாகங்கள். வெட்டி, தேய்த்து, ஒட்டி, சாயம் பூசினால் அச்சு அசலாக ஒரு கப்பல் வரும். நல்ல பெட்டியாக இருந்தால் நங்கூரச் சங்கிலியின் கண்ணிகளைக்கூட எண்ணலாம்.

ஆனால் எந்தக் கப்பல் வரும் என்பதில்தான் என் வயிற்றெரிச்சல். கடைக்குப் போனால் சுவர் முழுக்கப் போர்க்கப்பல்கள். விமானந்தாங்கி, நீர்மூழ்கி, நாசகாரி, இன்னும் என்னென்னவோ. உலகத்தில் எவன் எவனைச் சுட்டானோ அத்தனைக்கும் பெட்டி உண்டு. மனிதர்கள் ஏறும் கப்பல் வேண்டுமா? அதுவும் உண்டு. ஒன்றே ஒன்று. பனிப்பாறையில் மோதி மூழ்கியதே, அது. சின்னது, பெரியது, விளக்கு எரிவது, பாதியாக உடைவது என்று வகை வகையாக விற்பார்கள். மீன்பிடிப் படகு இல்லை, பயணப் படகு இல்லை, சரக்குக் கப்பல் இல்லை. நாம் தின்னும் அரிசியும் வெங்காயமும் கப்பலில்தான் வருகின்றன. நான் பழுது பார்க்கும் இயந்திரமே கப்பலில் வந்ததுதான். சோறு போடுகிற கப்பலுக்கு ஒரு பெட்டி கிடையாது. சுடுகிற கப்பலுக்கு ஆயிரம் பெட்டி. இதைச் சொன்னால் எல்லாரும் கொட்டாவி விடுகிறார்கள்.

என் தம்பி எனக்கு ரொம்ப இளையவன். அப்பா இறந்தபோது தொட்டிலில் கிடந்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்காகக் கையெழுத்துப் போட்டது நான், முதல் மோட்டார் சைக்கிளுக்குத் திட்டியது நான். நோய்த்தொற்றுக் காலத்தில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. கொஞ்ச நாள் வீட்டில் படுத்துக் கிடந்தான். பிறகு ஒரு நண்பன் மூலமாக டக்போட்டில் வேலைக்குச் சேர்ந்தான்.

டக்போட் என்றால் இழுவைப் படகு. தானாக ஓட முடியாத தட்டையான சரக்குப் படகுகளான தொங்காங்குகளில் நிலக்கரியோ மணலோ ஏற்றியிருப்பார்கள். அதைத் தடித்த கயிற்றில் கட்டி, போர்னியோ கரையோரமாக நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை. குட்டையான, தடியான படகு. சுற்றிலும் பழைய லோரி டயர்கள் தொங்கும். பார்க்க லட்சணமாக இருக்காது. தம்பி அதில் தளத்து ஆள். கயிறு இழுப்பான், துரு சுரண்டுவான், சாயம் அடிப்பான். அவன் நீச்சல் பழகியது தோட்டத்து வாய்க்காலில்.

கடலுக்குப் போனபின் எங்களுடன் பேசுவது குறைந்துவிட்டது. வாட்சப்பில் "ஓகே" என்பான். "சாப்பிட்டேன்" என்பான். அம்மா நாலு வரி குரல் அனுப்பினால் ஒரு கட்டை விரல் வரும். அம்மா அந்த விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

வருடக் கடைசியில் ஒருநாள் அவனே கூப்பிட்டான். "இன்னிக்கி அல கொஞ்சம் பெருசும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதோடு இணைப்பு அறுந்தது. அப்புறம் பல நாள் ஒரு தகவலும் இல்லை. கரையை விட்டு விலகிப் போனால் அலைவரிசை கிடைக்காது என்று நான் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லிவிட்டு நானும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அம்மா யாரிடமும் சொல்லாமல் முனியாண்டி கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பிறந்த தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. சுற்றிலும் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. முனியாண்டி காவல் தெய்வம் என்பதால், வண்டியில் பிழைக்கிற வீட்டுக்காரர்கள் அவருக்குப் பொம்மை வண்டி வைப்பார்கள். பையன் லோரி ஓட்டினால் லோரி, மகள் விமானத்தில் வேலை பார்த்தால் விமானம். பீடத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும். அதில் சில முறைகள் உண்டு. பிள்ளைகள் விளையாடிய சாமான் ஆகாது. நிறம் ஒத்துப்போக வேண்டும். வெள்ளை லோரியை நீலமாக்க நகச்சாயம் பூசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம்பர் பிளேட்டும் எழுதி ஒட்ட வேண்டும். சாமி இரவு ரோந்து போகும்போது எது யாருடைய வண்டி என்று அடையாளம் தெரிய வேண்டுமாம். பூசாரி பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருடைய மஞ்சள் வேன்தான் முதல் வரிசையில் நிற்கிறது.

"எம் புள்ளகிட்டேருந்து போனு வரட்டும், அவன் போட்டு மாரியே ஒண்ணு கொண்டாந்து வெக்கிறேன்" என்று அம்மா வேண்டியிருக்கிறார். மாதிரியே என்று ஏன் சொன்னார் என்றுதான் எனக்குக் கோபம். ஒரு படகு வைக்கிறேன் என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலமே தம்பி கூப்பிட்டுவிட்டான். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், குறைக்க முடியாது.

"லோரின்னா எதெடுத்தாலும் ரெண்டு வெள்ளிக் கடையிலயே கெடைக்கும். டக்போட்டுக்கு நான் எங்கம்மா போறது?" என்றேன்.

"நீதான் பெரிய கப்பல் கட்டுறவனாச்சே. இத்தினி வருசமா என்னாத்த கட்டுன?"

அலமாரியில் இருந்த ரோந்துக் கப்பல் ஒன்றைக் காட்டினேன். நான் ஒட்டியதிலேயே சுத்தமாக வந்தது அதுதான். "இத வெச்சிடுவோம். முனியாண்டியே அருவாளோடதான் நிக்கிறாரு. பீரங்கிய பாத்தா கோவிச்சிக்கவா போறாரு?"

அம்மா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எம் புள்ள யாரயும் சுடப் போவலடா. கயிறு இழுக்கப் போயிருக்கான்" என்றார்.

தேட ஆரம்பித்தேன். அன்று தொடங்கிய அலைச்சல் பல மாதங்களுக்கு ஓயவில்லை. சுங்கை பட்டாணியில் நான் வழக்கமாகப் போகும் மாடல் கடைக்குப் போனேன். டக்போட் என்று கேட்டதும் கடை முதலாளி தவுக்கே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தா அடா லா, பாஸ்" என்றார். இல்லையாம். அதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அச்சு செய்ய எவ்வளவு செலவாகும் தெரியுமா, பீரங்கி இல்லாத கப்பலை எவன் தொடுவான் என்றார். நான் தொடுவேன் என்றேன். "நீ ஒரு ஆள்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இத்தனை வருடம் அவரிடம் நான் வாங்கியதும் பீரங்கி வைத்ததுதான்.

பினாங்குக்குப் போனேன். இரண்டு கடை, அதே பதில். ஒரு கடைக்காரர் மூழ்கிய கப்பலை எடுத்து என் முன்னால் வைத்து, இதுதான் நன்றாக விற்பனையாகிறது என்றார். கடலில் இருக்கும் தம்பிக்காகக் கோயிலில் வைக்க அதை வாங்கிப் போனால் அம்மா என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். பெட்டியை அவர் பக்கமே தள்ளிவிட்டு வந்துவிட்டேன். பிறகு கோத்தா கோலா மூடாவுக்குப் போனேன். மீன் ஏலத்தில் விலையை ஏலக்காரரின் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்வார்களே, அந்தச் சந்தைக்குப் பக்கத்தில் ஒருவர் மரத்தில் சின்னப் படகுகள் செய்து விற்றார். அழகாகவே இருந்தன. ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மீன் புடிக்கிற போட்டு. சாமி அந்தத் தொழிலு செய்றவங்க போட்டுன்னு விட்ரும்" என்று சொல்லி ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

இதற்கிடையில் வானம் கறுத்தால் அம்மா என்னைப் பார்ப்பார். இடி இடித்தால் பார்ப்பார். செய்தியில் எங்கேயோ ஒரு கப்பல் தரை தட்டியது என்று வந்தாலும் பார்ப்பார். வேலையில் இயந்திரத்துக்குள் தலையை விட்டிருக்கும்போதுகூட அந்தப் பார்வை முதுகில் உறுத்தியது. எனக்கு இந்த வேண்டுதலிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் என்னால்தான் ஏதோ ஒன்று தாமதமாகிறது என்ற எண்ணம் சாப்பாட்டில் கல் கடிபடுவது மாதிரி வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் இணையத்தில் எங்கோ ஐரோப்பாவில் ஒருவர் பழைய பெட்டி ஒன்றை விற்பதைக் கண்டுபிடித்தேன். துறைமுக டக்போட் என்றே எழுதியிருந்தது. வாங்கினேன். அது வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இன்று எந்த ஊரில் இருக்கிறது என்று வேலை நேரத்தில் கழிவறைக்குப் போய் கைப்பேசியில் பார்ப்பேன்.

வந்தது. திறந்து பார்த்ததும் வாய்விட்டுத் திட்டிவிட்டேன். அச்சு தேய்ந்துபோய் ஒவ்வொரு பாகத்தைச் சுற்றியும் பிளாஸ்டிக் வழிந்திருந்தது. உடற்பகுதியின் இரண்டு பாதிகளும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. அதுகூடப் பரவாயில்லை, சுடுநீரில் போட்டு வளைக்கலாம். ஆனால் அது நீராவிக் காலத்து டக்போட். நெட்டையான புகைபோக்கி, மரத்தால் ஆன ஓட்டுநர் கூண்டு, பித்தளை மணி. வீடியோ அழைப்பில் காட்டியபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் சிரித்ததைப் பார்த்தேன்.

"ஏண்ணே, இதுல வெள்ளைக்கார தொரதான் வருவான். எங்க போட்டு இப்டியா இருக்கு?"

"அப்ப எப்டி இருக்கு? படம் எடுத்து அனுப்பு. நான் செஞ்சி காட்டுறேன்."

உடற்பகுதியை மட்டும் வைத்துக்கொள்வது, மேலே எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தகட்டில் நானே வெட்டிச் செய்வது என்று முடிவு செய்தேன். அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத தம்பி படம் படமாக அனுப்ப ஆரம்பித்தான். கயிறு சுற்றும் இயந்திரம், இழுவைக் கொக்கி, ஏணி, எந்தக் கதவில் துரு இருக்கிறது, எந்த டயர் கிழிந்திருக்கிறது, எல்லாம் வந்தன. அடுப்படி ஜன்னலில் சமையல்காரன் வளர்க்கும் மிளகாய்ச் செடியைக்கூட அனுப்பினான். "மொளகா செடி வெப்பியாண்ணே?" என்று கேட்டான். வைக்கிறேன் என்றேன். எனக்கு மனசு நிறைந்துபோனது. அவன் எங்கே தூங்குகிறான், எங்கே நின்று பல் துலக்குகிறான் என்பதெல்லாம் அந்தப் படங்களில்தான் தெரிந்தது. அம்மா ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

மாடல் ஒட்டுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. முழுப் படத்தையும் பார்க்கமாட்டான், மூலையைத்தான் பார்ப்பான். ஒரு படத்தில் புகைபோக்கிக்குப் பக்கத்தில், கைப்பிடிக் கம்பியை ஒட்டி, வளைந்த இரும்புத் தாங்கி ஒன்று தெரிந்தது. அதில் ஏதோ உருண்டையான சாமான் உட்கார வேண்டும். ஒன்றும் இல்லை. அறுந்த பட்டை ஒன்று மட்டும் தொங்கியது.

என்னவென்று கேட்டேன்.

"அதுவா? ராஃப்ட் இருந்த எடம்ணே. சர்வீஸுக்கு எறக்கிட்டுப் போனாங்களாம். நான் ஏர்றதுக்கு முன்னாடியே. இன்னும் வர்ல."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கமும் அப்டித்தான்."

ராஃப்ட் என்பது உயிர்காக்கும் மிதவை. வெள்ளைப் பீப்பாய்க்குள் மடித்து வைத்திருப்பார்கள். படகு மூழ்கினால் தானாகக் கழன்று மேலே வந்து, காற்று நிரம்பி, கூரையோடு விரியும். அலையில் படகு போய்விட்டால் ஆட்களுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். போர்க்கப்பல்களில் அந்தப் பீப்பாய்களை எத்தனையோ முறை ஒட்டியிருக்கிறேன். எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"மெதவைச் சட்டையாவது இருக்கா?"

"இருக்குண்ணே. பெஞ்சில மெத்தையா போட்டு உக்காந்திருக்கோம்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவன் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நோட்டட், சார்" என்றார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் "நோட்டட், சார்". மூன்றாவது முறை நான் கத்தினேன். நான் கத்தியதையும் நோட் பண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். படகு எந்தெந்தத் துறைமுகத்துக்குப் போகுமோ அங்கேயெல்லாம் யாரிடம் புகார் செய்வது என்று தேடினேன். தம்பிக்கு அது தெரிந்ததும் முதல்முறையாக என்னிடம் கோபப்பட்டான்.

"வேணாம்ணே. யாரு சொன்னான்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிரும். அப்றம் எந்தப் போட்டுலயும் என்ன எடுக்க மாட்டானுங்க."

"அப்ப எறங்கிடு."

"கான்ட்ராக் முடியட்டும்."

"முடியிறதுக்குள்ள ஒண்ணு ஆயிட்டா?"

"நீ ரூம்புல உக்காந்து பிளாஸ்டிக் ஒட்டுறவன். கடலப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?"

அது என்னைச் சுருக்கென்று தைத்தது. அதற்காக விட்டுவிடவில்லை. தினமும் கேட்டேன். கெஞ்சினேன், மிரட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். அவன் மறுபடி கட்டை விரலுக்குத் திரும்பிவிட்டான். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அதைவிட, சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மாடல் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. வேலை முடிந்து வந்ததும் பசியாறுவதற்கு முன்பே மேசைக்குப் போவேன். டயர்களை மெல்லிய ரப்பர்க் குழாயில் வெட்டினேன். துருவுக்குக் காப்பி நிறத்தில் மூன்று சாயம் கலந்தேன். மிளகாய்ச் செடிக்கு மனைவி துடைப்பத்தில் ஒரு நுனி கிள்ளிக் கொடுத்தாள். எல்லாம் முடிந்து, இரண்டு தாங்கிகள் மட்டும் சும்மா நின்றன.

மிச்சமான பாகங்களைப் போட்டு வைக்கும் டப்பா ஒன்று என்னிடம் இருக்கிறது. திறந்து பார்த்தேன். அந்தப் பீப்பாய்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. போர்க்கப்பல் பெட்டிகளில் அவற்றைத் தாராளமாகக் கொடுப்பார்கள், ஒட்டியது போக எப்போதும் மிஞ்சும். அளவும் ஏறக்குறையச் சரியாகத்தான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஒருவனையும் காப்பாற்றாத பிளாஸ்டிக் பீப்பாய் என்னிடம் டப்பா நிறைய இருக்கிறது. கடலில் கிடப்பவனிடம் ஒன்று இல்லை. இரண்டை எடுத்து வெள்ளை அடித்து, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினேன். ஒட்டியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அசட்டுத்தனம்தான். ஆனாலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்களை மேசையில் வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் படகை வைத்துப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அம்மா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. கை முழுக்கச் சாயம் இருந்ததால் காதில் வைக்காமல் அப்படியே ஓடவிட்டேன்.

"சூப்பர்ணே. அப்டியே எங்க போட்டு. டயரு, துரு எல்லாம் கரெக்ட்டா வெச்சிருக்க. அந்த ரெண்டு வெள்ள டப்பாவ மட்டும் எடுத்திடுண்ணே." பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. "சாமி பாத்துட்டு வேற போட்டுன்னு நெனச்சிக்கப் போவுது."

அந்தக் கோயிலின் பொம்மை லோரிகளைப் பார்த்து எங்கள் வீட்டிலேயே அதிகம் கிண்டல் செய்தவன் அவன்தான். சாமிக்கு லைசென்ஸ் இருக்கா என்று பூசாரியிடமே கேட்டவன். இப்போது அவன் கிண்டல் செய்யவில்லை. அவன் பயந்திருந்தான். எத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தானோ தெரியாது.

"என்னா டப்பா?" என்றார் அம்மா.

இனி மறைக்க வழியில்லை. சொன்னேன். தாங்கி, பீப்பாய், சர்வீஸ், "நோட்டட், சார்", எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுவார், மயங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "போனப் போடு" என்றார்.

அவன் எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை. "எப்ப கரைக்கு வருவ?"

"நாளான்னிக்கிம்மா."

"வந்தோன எறங்கு."

"கான்ட்ராக் இருக்கும்மா, இன்னும்..."

"நான் ஒன்னக் கேக்கல. எறங்குன்னு சொல்றேன்."

"சரிம்மா" என்றான். அவ்வளவுதான். நான் வாரக்கணக்கில் கரடியாய்க் கத்தியதற்கு அசையாதவன் இரண்டே வரியில் சரி என்றுவிட்டான். பிறகுதான் புரிந்தது, யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்றே அவன் காத்திருந்திருக்கிறான். நான் அவன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இறங்கச் சொன்னார்.

இறங்கிவிட்டான். பினாங்கு விமான நிலையத்தில் பார்த்தபோது கறுத்து, இளைத்து, தாடியோடு இருந்தான். கட்டிப்பிடித்தேன். எங்கள் வீட்டில் ஆண்கள் கட்டிப்பிடிப்பதில்லை, அதனால் இருவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபின் அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தார். அவன் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போனான். வந்து உட்கார்ந்தான். மறுபடி போனான். கைப்பேசியைப் பார்த்தபடியே இருந்தான். கடலில் இருந்து வந்தவர்களுக்குத் தரை ஒத்துக்கொள்ள நாளாகும் என்று மனைவி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பீப்பாய்களைக் கழற்றி, பசை இருந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி துரு பூசியிருந்தேன். படகின் பெயரும் எண்ணும் முகப்பில் இருந்தன. பூசாரி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "யப்பா, மொளகா செடியெல்லாம் இருக்கு" என்று சிரித்தார். தன் வேனைக் கொஞ்சம் நகர்த்தி இடம் செய்தார். படகை வைத்துவிட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாரு பேருக்கு?" என்று கேட்டார்.

அம்மா தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

"எம் பேரு வேணாம்" என்றான் தம்பி. "நாந்தான் எறங்கிட்டேனே."

எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் வேறொரு பெயரைச் சொன்னான். இந்தோனேசியப் பெயர். பூசாரிக்கு ஒருமுறையில் பிடிபடவில்லை. "எம் பதிலுக்கு ஏறுன பையன். நான் எறங்குன அன்னிக்கே ஏறிட்டான். எம் படுக்கைலதான் படுத்திருக்கான். டப்பா இல்லன்னு சொன்னேன். எனக்கு வேல வேணும்ணேன்னான்."

"நட்சத்திரம்?" என்றார் பூசாரி, வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"தெரியாது."

அம்மா பூசாரியிடம் திரும்பி, "தெரியலன்னா சாமி நட்சத்திரத்துக்கே சொல்லுங்க" என்றார். பூசாரி அந்தப் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தார். அது முடிந்ததும் தம்பி அடுத்த பெயரைச் சொன்னான், சமையல்காரனுடையது. அதற்கடுத்து இயந்திரம் பார்ப்பவனுடையது. இப்படியே படகில் இருந்த அத்தனை பேரின் பெயரையும் சொன்னான். பூசாரி தப்பாக உச்சரித்த இடத்தில் நிறுத்தித் திருத்தினான். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் திரும்பி முறைத்தேன்.

திரும்பி வரும்போது காரை நான் ஓட்டினேன். சடக்கின் இரண்டு பக்கமும் செம்பனை, நல்ல வெயில். தோட்டத்தைத் தாண்டியதும் பின்னிருக்கையிலிருந்து அம்மா கேட்டார்.

"அந்தப் பையனுக்கு அம்மா இருக்காங்களாடா?"

"இருக்காங்கம்மா. தெனமும் பேசுவான்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றான் தம்பி.